அறுபத்தொன்றாம் நம்பர்

ஏணி வண்டியின் உச்சியில் நின்று பார்த்தவனுக்குத்தான் கொழும்பு என்றால் என்னவென்று தெரியும். துறைமுகத்துக் கப்பல்களின் பாய்மரக் கம்பம், லூசியா கோயிலின் பெரிய கும்மட்டம், மேல்வீட்டுப் பெண்கள் ஜன்னலில் காயப்போட்ட சீத்தைத் துணிகள், எல்லாமே என் கண் மட்டத்தில் இருந்தன. இருபத்துநாலு வயதில் எனக்கு அதுதான் கந்தோர், அதுதான் ஆபீஸ். காற்றுக்குக் காற்று, வேடிக்கைக்கு வேடிக்கை.

இப்போது வெள்ளவத்தையில், மகள் வீட்டில், மூன்றாம் மாடியில் இருக்கிறேன். அதுவும் உயரம்தான், ஆனால் பார்க்கக் கிடைப்பது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தாங்கி மட்டும். கடற்கரை ரயில் போகும்போது என் கட்டில் ஆடும். “அப்பா, சத்தம் கரைச்சலா இருக்கா?” என்று மகள் கேட்பாள். கரைச்சலாவது மண்ணாவது! தண்டவாளத்தில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு செமிக்கும்.

வெளியே போனால் சோதனைச் சாவடியில் காட்ட அடையாள அட்டையை மறக்காதே என்று ஆளுக்கு ஆள் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். எனக்கு யுத்தம் புதிதா? நான் சொல்லப்போவது இதற்கு முந்திய யுத்தத்தின் கதை. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட நாற்பத்திரண்டாம் வருஷம்.

அப்போது நான் ட்ராம் கம்பனியில் கம்பி வேலை. ட்ராம் என்றால் என் பேரப்பிள்ளைகள் விழிக்கிறார்கள். தெருவின் நடுவே பதித்த தண்டவாளம், அதற்கு நேர் மேலே ஒரு செப்புக் கம்பி, வண்டியின் கூரையிலிருந்து நீளும் ஒரு கோல் அந்தக் கம்பியைத் தொட்டுக் கரண்ட் எடுக்கும், வண்டி ஓடும். அவ்வளவுதான் வித்தை. கம்பி சரியாக இருந்தால் ஊர் முழுவதும் வேலைக்குப் போகும். கம்பி அறுந்தால் ஊர் முழுவதும் எங்களை ஏசும்.

எங்கள் குழுவில் நாலு பேர். கொட்டாஞ்சேனை பற்றிக் நான். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து வந்த இராசரத்தினம். மாளிகாவத்தை ஹமீது. களனிப் பக்கத்துப் பியதாச. நானும் இராசரத்தினமும் மேலே, மற்ற இரண்டு பேரும் கீழே. ஏணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவோம். உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்த கொளுக்கிகளைச் சுரண்டுவோம், தேய்ந்ததை மாற்றுவோம், வெயிலில் தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டுவோம். கீழே பியதாச தண்டவாளத்துப் பள்ளத்தில் சேரும் மண்ணையும் மாங்கொட்டையையும் தோண்டி எடுப்பான். கம்பியில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வேலை நடக்கும். மர மேடை, ரப்பர் கையுறை, சும்மா இருக்கிற கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொள். அதுதான் முதல் பாடம். பொக்கற்றில் கை வைத்து ஆகாயத்தில் நிற்கும் எங்களைப் பார்த்து, “மாப்பிள்ளைமார் ஸ்டைல் காட்டுறாங்க” என்று மீன்காரிகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எங்களுக்கு நன்றாகவே பிடித்திருந்தது, பொய் சொல்லக்கூடாது.

எங்களிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. டிப்போ வாசலில் ஒரு பெட்டி. ஆளுக்கொரு பித்தளை வில்லை, அதில் அவனவன் நம்பர். காலையில் வந்ததும் வில்லையைப் பெட்டிக்குள் போட வேண்டும். பெட்டியில் நம்பர் விழுந்தால் ஆள் வந்ததாகக் கணக்கு. என் நம்பர் அறுபத்தொன்று, இராசரத்தினத்தின் நம்பர் ஐம்பத்தெட்டு. திருநாள் என்று கம்பனியிடம் லீவு கேட்டால் கிடைக்காது. ஆகவே நாங்களே ஒரு ஒழுங்கு செய்துகொண்டோம். பொங்கலுக்கு இராசரத்தினத்தின் நம்பரை நான் போட்டு அவன் வேலையையும் செய்வேன். பெருநாளுக்கு ஹமீதுக்காகப் பியதாச. வெசாக்குக்குப் பியதாசவுக்காக ஹமீது. பாஸ்கு என்ற ஈஸ்டருக்கும் நத்தார் என்ற கிறிஸ்மஸுக்கும் எனக்காக இராசரத்தினம். நாலு மதமும் ஒரு பெட்டிக்குள் ஒற்றுமையாக விழுந்தன. பிடிபட்டால் வேலை போகும், நாலு பேருக்கும்தான். ஆனால் யார் பிடிக்கப் போகிறான் என்று இருந்தோம்.

அந்த வருஷம் ஏப்ரல் ஐந்தாம் தேதி பாஸ்கு ஞாயிறு. அன்று காலை வேலைக்கு என் முறை, இராசரத்தினத்துக்கு லீவு. என் பெண்சாதி செலீன், அவன் பெண்சாதி அன்னம்.

“நீ செலீனைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போ. உன்ரை நம்பரை நான் போடுறன்,” என்றான் இராசரத்தினம். “பொங்கலுக்கு நீ எனக்காக நிண்டனியெல்லே.”

“அன்னம் ஏழு மாசம். தனிய விட்டுட்டு வருவியா?”

“ஓமடாப்பா, ரெண்டு மணித்தியாலம்தானே. என்ன, ஆகாயம் இடிஞ்சா விழப்போகுது?”

ஆகாயம் இடிந்துதான் விழுந்தது.

பூசை நடந்துகொண்டிருந்தது. முதலில் துறைமுகத்தில் ஏதோ பீரங்கிப் பயிற்சி என்று நினைத்தோம். பிறகு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. யாரோ ஒரு பெண் “மாதாவே!” என்று கத்தினாள். அதோடு கோயிலில் இருந்த சனமெல்லாம் பெஞ்சுகளுக்கு அடியில். செலீன் என் கையைப் பிடித்த பிடியில் அவள் நகத்தடம் மூன்று நாள் இருந்தது. அரை மணித்தியாலம் இருக்கும், எனக்கு அது அரை வருஷம். சத்தம் ஓய்ந்ததும் அவளை வீட்டில் விட்டுவிட்டு டிப்போவுக்கு ஓடினேன்.

வாசலிலேயே ஹமீது என்னைப் பிடித்துக்கொண்டான். “அல்லாஹ்வே, நீங்க பாக்கல்லையே பற்றிக்! அந்த மனுசன் செஞ்ச வேலைய நீங்க பாக்கல்லையே!”

நடந்தது இதுதான். புறக்கோட்டையிலிருந்து வரும் வளைவில் ஏதோ இரும்புத் துண்டு பறந்து வந்து மேல் கம்பியை அறுத்துவிட்டது. கீழே ஒரு ட்ராம், சனம் நிறைய. அறுந்த கம்பி கூரைமேல் விழுந்து வாசல் பக்கமாகத் தொங்குகிறது. கம்பி நிலத்தில் பட்டதும் பவர் ஹவுஸில் கரண்ட் தானாக நின்றுவிடும். ஆனால் அங்கே இருப்பவர்களுக்கு இங்கே நடப்பது எப்படித் தெரியும்? வழக்கம்போலத் திரும்பவும் போட்டார்கள். இரண்டு தரம் போட்டார்கள். கம்பி சாரைப்பாம்பு மாதிரித் துள்ளியதாம். உள்ளே இருந்த சனம் கத்திக்கொண்டு வெளியே குதிக்கப் பார்க்கிறது. குதித்தால் செத்தார்கள். தெருவோரப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்விட்சை இழுத்தால் அந்தத் துண்டுக்குக் கரண்ட் வராது. பெட்டிக்குப் பூட்டு. திறப்பு, அதாவது சாவி, போர்மனிடம். போர்மன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

மேலே விமானங்கள். இராசரத்தினம் பியதாசவின் கையிலிருந்த இரும்புச் சுரண்டியைப் பறித்துக்கொண்டு ஓடினான். பூட்டை உடைத்து, ஸ்விட்சை இழுத்து, பிறகு ஏணியில் ஏறி, அறுந்த கம்பியைத் தும்புக் கயிற்றால் தூணோடு சேர்த்துக் கட்டி, “இறங்குங்கோ, இறங்குங்கோ!” என்று கத்தினான். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

நான் போனபோது அவன் டிப்போ மூலையில் ஒரு பலகையில் குந்தி இருந்தான். கையில் பிளேன்டீ.

“மச்சான், அன்னத்தை ஊருக்குக் கொண்டுபோய் விடப்போறன். இண்டைக்கே. இன்னொருக்கா வந்தாங்கள் எண்டா அவள் தாங்கமாட்டாள்.”

“போ. கட்டாயம் போ. நம்பரை என்கிட்ட தா, நான் போடுறேன்.”

அவன் வில்லையை என் கையில் வைத்தான். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுவேன் என்றான். அன்றைக்குக் கொழும்பு பாதி மூட்டை கட்டியது. ஸ்டேஷனில் ரயில் கூரையிலும் சனம்.

திங்கட்கிழமை காலை, சொன்ன சொல் தவறாமல் இரண்டு நம்பரையும் போட்டேன். என் மடத்தனத்தைப் பாருங்கள். ஊரே ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பனி பெட்டியை நம்பி இருக்குமா? பெரிய துரை முற்றத்தில் வந்து நின்றார். எல்லாரையும் வரிசையில் நிறுத்தி நம்பர் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் எங்கள் போர்மன் ஒஸ்வால்ட் ஐயா. கொட்டாஞ்சேனை ஆள்தான், எங்கள் கோயில்தான். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் படாமல் இருபத்தாறு வருஷம் வேலை செய்த மனுஷன்.

“ஐம்பத்தெட்டு!”

ஒஸ்வால்ட் ஐயா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஐம்பத்தெட்டு பெட்டிக்குள் கிடக்கு. ஆள் எங்க? போட்டது யார்?”

நான் நிலத்தைப் பார்த்தேன். ஹமீதும் பியதாசவும்கூட நிலத்தைத்தான் பார்த்தார்கள். துரை ஏதோ சொல்ல, கிளார்க் அதைத் தமிழில் சொன்னார்: ஐம்பத்தெட்டு, சொல்லாமல் ஓடினது ஒரு குற்றம், நம்பர் மோசடி இன்னொரு குற்றம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஆள் வந்து நியாயம் சொல்லாவிட்டால் பெயர் வெட்டு.

அதற்கு அடுத்ததாகக் கூப்பிட்டது என்னை.

“அறுபத்தொன்று! முன்னுக்கு வா.”

பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார்! ஞாயிற்றுக்கிழமை ட்ராமைக் காப்பாற்றிய வீரன் அறுபத்தொன்றாம் நம்பர் என்று போர்மனின் ரிப்போர்ட்டில் இருக்கிறதாம். இன்றையிலிருந்து கம்பிக் குழுவுக்கு நான்தான் மேஸ்திரியாம். எல்லாரும் கை தட்டினார்கள். பியதாச மட்டும் மெல்ல, “அய்யே, மொகத மே?” என்றான். என்ன இது என்று என்னைக் கேட்டால்?

உண்மையைச் சொன்னால் நம்பர் மாற்றும் கதை வெளியே வரும். வந்தால் ஹமீது, பியதாச, நான், மூன்று பேரும் வீட்டுக்கு. சொல்லாவிட்டால் இராசரத்தினம் மட்டும் வீட்டுக்கு, அதுவும் திருடன் என்ற பெயரோடு. “உடனே வா” என்று சுன்னாகத்துக்கு ஒரு தந்தி அடித்தேன். அதற்கு மேல் எனக்குத் துணிவு வரவில்லை.

வீட்டில் செலீன் மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள், தலை நிமிரவில்லை. “அப்ப இனி நீங்க மேஸ்திரி?”

“நான் என்ன கேட்டா வாங்கினேன்?”

“கேட்டு வாங்கல்ல. குடுத்ததும் வேணாமென்டு சொல்லல்ல.” கத்தியைப் படாரென்று வைத்தாள். “போய் போர்மன்கிட்ட கதைங்க. அவர் நல்ல மனுஷன், ஏதாவது வழி சொல்லுவார். அன்னத்தின்ட முகத்த நான் எப்பிடிப் பாக்கிறது?”

புதன்கிழமை ஒஸ்வால்ட் ஐயாவிடம் போனேன். தனியே இருந்தார். “ஐயா, ஞாயித்துக்கிழமை கம்பியில நின்டது நான் இல்ல,” என்று தொடங்கினேன்.

“தெரியும்,” என்றார். “நீ நாலாவது பெஞ்சுல இருந்த. செலீன் நீலச் சாரி.”

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது.

“நான் பின்னால தூண் பக்கத்துல நின்டேன். அன்டைக்கு ஆறு மணியில இருந்து எனக்கு டியூட்டி. என்ட பெண்சாதி மாக்ரெட் ரெண்டு வருஷமா படுக்கையில. பாஸ்குப் பூசையில ஒருக்கா நற்கருணை வாங்கி அவளுக்காக மன்றாட வேணுமென்டு ஆசை. ஒரு மணித்தியாலம்தானே என்டு போனேன். ஸ்விட்ச் பெட்டித் திறப்பு என்ட பொக்கற்றுக்குள்ள.” சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். “பூட்டு உடைஞ்சிருக்கு, போர்மன் எங்க என்டு துரை கேட்பார் இல்லையா? நான்தான் தூரத்துல நின்டு உடைக்கச் சொன்னேன், அறுபத்தொன்று உடைச்சான் என்டு எழுதிட்டேன். பெட்டியில கிடந்தது அந்த நம்பர்தானே.”

“இராசரத்தினம் வேலை போகுதே ஐயா!”

“எனக்குப் பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் பற்றிக். உன்னைக் கும்பிடுறேன்டா.” அப்பாவின் வயதுள்ள மனுஷன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல!

சனிக்கிழமை காலை அதே வளைவில் வேலை. புதுக் கம்பி போட்டாகிவிட்டது. அவசரத்துக்குக் கட்டிய பழைய துண்டை இறக்க வேண்டும். நான் மேலே நின்று தும்புக் கயிற்றில் கை வைத்தேன். கீழிருந்து ஒரு குரல்.

“மெல்ல அவிழ்! மற்றப் பக்கம் இழுக்கும், நான் இறுக்கிக் கட்டினது!”

இராசரத்தினம். கசங்கின வேட்டி, நாலு நாள் தாடி. ரயிலில் நின்றுகொண்டே வந்திருப்பான் யாழ்ப்பாணத்திலிருந்து. நான் இறங்கி வந்து எல்லாவற்றையும் சொன்னேன், ஒஸ்வால்ட் ஐயா கோயிலில் நின்றதையும் ஒளிக்காமல்.

அவன் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு, “துரை உனக்குக் கை குடுத்தவரோ?” என்றான்.

“ஓம்.”

“எந்தக் கையை?”

“வலது கை.”

“அந்தக் கையாலதானே என்ரை நம்பரையும் போட்டனி.” அவன் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். “நான் கந்தோருக்குப் போறன். நான் ஒண்டும் சொல்லமாட்டன். சொன்னா இவங்கள் ரெண்டு பேற்றை பிழைப்பும் போயிடும். நீ என்ன செய்யிறாய் எண்டு பாப்பம்.”

அவன் நடந்தான். நான் ஏணி வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். நடுத்தெருவில் ஏணி வண்டி, பின்னால் ஒரு ட்ராம் மணி அடித்துக்கொண்டே நிற்கிறது. அடிக்கட்டும்.

துரையின் அறையில் துரை, கிளார்க், ஒரு பக்கம் ஒஸ்வால்ட் ஐயா. இராசரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஏன் ஓடினாய் என்று கேட்டதற்கு, “பெண்சாதி பிள்ளைத்தாச்சி,” என்று மட்டும் சொன்னான். நம்பரைப் போட்டது யார் என்று துரை கேட்டார்.

நான் கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். “சேர், நம்பரைப் போட்டது நான். ஞாயித்துக்கிழமை கம்பியில நின்டது இவன். நான் கோயில்ல இருந்தேன். இவன் எனக்காக வந்தவன். மற்ற எவனுக்கும் இதில சம்பந்தம் இல்ல.”

கிளார்க் மொழிபெயர்த்தார். துரை சிரித்தார். கூட்டாளியைக் காப்பாற்ற வந்த பொய் என்று நினைத்துவிட்டார். நீ கோயிலில் இருந்ததற்கு யார் சாட்சி என்று கேட்டார். பெண்சாதி என்றேன். பெண்சாதி எதையும் சொல்வாள் என்றார். சுவாமியார் என்றேன். சுவாமியார் இரக்கத்தில் சொல்வார், கம்பனி ஆள் யாராவது உன்னைக் கண்டானா என்று கேட்டார்.

நான் ஒஸ்வால்ட் ஐயாவைத் திரும்பிப் பார்த்தேன்.

நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. விரல் நீட்டவில்லை. பார்த்தேன். அவர் முகம் பழைய கடதாசி நிறத்துக்குப் போயிற்று. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நான் கண்டேன் சேர்,” என்று இங்கிலீஷில் சொன்னார். “நானும் அங்கேதான் நின்றேன். பெட்டித் திறப்பு என்னிடம் இருந்தது. இந்தப் பொடியன் பூட்டை உடைக்காவிட்டால் அந்தச் சனம் செத்திருக்கும்.” சொல்லிவிட்டுப் பையிலிருந்த திறப்பை எடுத்துத் துரையின் மேசையில் வைத்தார்.

துரை ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே ஆள் இல்லாமல் பாதி ட்ராம் கொட்டகையிலேயே நின்றது. எங்களை எல்லாம் துரத்தினால் கம்பியைப் பிடிக்க யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை அறிவித்தல் போட்டார்கள். இராசரத்தினம் மேஸ்திரி. நான் பழையபடி கம்பியில், ஒரு வாரச் சம்பளம் வெட்டு. இனி நம்பர் மாற்றினால் மன்னிப்பு இல்லை. ஒஸ்வால்ட் ஐயாவுக்குச் சனிக்கிழமை மத்தியானமே வேலைநீக்கக் கடிதம் கொடுத்தாகிவிட்டது. இருபத்தாறு வருஷச் சேவிஸ், பென்சன் இல்லை.

இராசரத்தினம் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. “குறடு”, “கயிறு”, “இழு”, அவ்வளவுதான் அவன் வாயில். ஜூன் மாதத்தில் ஒரு நாள் தந்திக்காரன் எங்களைத் தேடி வளைவுக்கே வந்தான். இராசரத்தினம் மேடையில் நின்றபடியே படித்தான், என் தோளைப் பிடித்து உலுக்கினான். “மச்சான், பொம்பிளைப்பிள்ளையடா!” ஏணி வண்டி ஆடியது. கௌரி என்று பெயர் வைத்தார்கள். அந்த “மச்சான்” என்ற சொல்லைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, கண்ணில் களிம்புத் தூள் விழுந்தது என்று சமாளித்தேன்.

அதற்குப் பிறகு ட்ராம் நிற்கும்வரை பதினெட்டு வருஷம் அவனோடு வேலை செய்தேன். மழை விட்டதும் கம்பியில் வரிசையாகத் தொங்கும் தண்ணீர்த் துளிகள், முதல் வண்டி வரும்போது அவை ஒவ்வொன்றாக உதிர்வது, பின்னேரத்தில் நாலு பேரும் தண்டவாளத்து ஓரத்தில் குந்தி ஒரே பொட்டலத்தில் கடலை தின்றது. அதைப்போல ஒரு உத்தியோகம் இனி எவனுக்கும் வாய்க்காது. சும்மா சொல்லவில்லை, நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன்.

ஒஸ்வால்ட் ஐயா கொட்டாஞ்சேனையில் ஒரு பலகைக் கடையில் கணக்கு எழுதினார். மேலே நாங்கள் வேலை செய்தால் கடை வாசலுக்கு வந்து நிற்பார். முதலில் கம்பியைப் பார்ப்பார், பிறகு எங்களை. வெள்ளைக் கால்சட்டைதான் அப்போதும், முழங்காலில் தையல் போட்டது.

மாக்ரெட் அம்மா செத்த அன்று அடக்கத்துக்குப் போனேன். எல்லாரும் போன பிறகு அவர் பக்கத்தில் இருந்தேன். மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். “ஐயா, அன்டைக்கு ஏன் சொன்னீங்க? நீங்க சும்மா நின்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே.”

அவருக்கு என்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. “நீ திரும்பிப் பாத்தாய்,” என்றார். “பாக்காம இருந்திருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன்.”

சாட்சி வேண்டும் என்றுதான் பார்த்தேன் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். துரைக்கு முன்னால் தனியே நிற்க எனக்குப் பயமாக இருந்தது, இன்னொருத்தரும் கூட நிற்கட்டும் என்று பார்த்தேன். கூட்டாளியைக் காப்பாற்றிய பற்றிக் என்று டிப்போவில் என்னைச் சொன்னார்கள். கௌரியின் கலியாணத்தில் இராசரத்தினமே எல்லாருக்கும் முன்னால் அப்படிச் சொன்னான். நான் மறுக்கவில்லை. காப்பாற்றியது ஒஸ்வால்ட் ஐயா. அவர் அந்தக் கலியாணத்துக்கு வரவில்லை, நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.